நூல் முன்பதிவு

நூலகத்திலிருந்து ஒருவர் இரவல் பெற்றுச் சென்றிருக்கும் நூலை, அது திரும்பி வந்ததும் தமக்குத் தரும்படி இன்னொரு வாசகர் கேட்டு வைப்பது நூல் முன்பதிவு எனப்படும். கேட்டவர்கள் பலரானால், கேட்ட வரிசைப்படியே நூல் வழங்கப்படும். நூல் தானாகத் திரும்பும்வரை காத்திராமல், கெடு நாளுக்கு முன்பே கொண்டுவரச் சொல்லி வாங்கித் தருவது திரும்ப அழைத்தல். இது பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்களின் வழக்கம். நூலகத்திலேயே இல்லாத நூலை வாங்கும்படி பரிந்துரைப்பதும், வேறு நூலகத்திலிருந்து தருவிக்கச் சொல்வதும் முன்பதிவில் சேரா.

முன்பதிவு செய்பவர் நூலகத்திடம் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த நூல் இப்போது எங்கே? இதற்கு விடை சொல்லும் வசதி எல்லா நூலகங்களிலும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. இரவல் கணக்கை நூல்வாரியாக எழுதினார்களா, ஆள்வாரியாகவா, தேதிவாரியாகவா என்பதைப் பொறுத்தே முன்பதிவு எளிதாகவோ, அறவே நடவாததாகவோ இருந்திருக்கிறது.

மடாலயங்களில்

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிகளின் 48ஆம் இயல், தவக்காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும், அதை அவர் தொடக்கத்திலிருந்து முழுமையாகப் படிக்க வேண்டும் என்கிறது. 11ஆம் நூற்றாண்டில் கேன்டர்பரி பேராயராக இருந்த லான்ஃபிராங்க் இதையே ஒரு சடங்காக விரித்து எழுதினார். தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை நூல்கள் ஒரு விரிப்பின்மேல் பரப்பி வைக்கப்படும். சென்ற ஆண்டு யாருக்கு எந்த நூல் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலைக் காப்பாளர் வாசிப்பார். தம் பெயர் வந்ததும் துறவி தம்மிடமுள்ள நூலைத் திருப்பித் தருவார். படித்து முடிக்காதவர் குப்புற விழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைய தாமதக் கட்டணம் இதைவிட எவ்வளவோ மேல். அதன்பின் ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆண்டுக்கான நூல் கைக்கு வரும்.

இந்த ஏற்பாட்டில் முன்பதிவுக்கு இடமே இல்லை. எல்லா நூல்களும் ஒரே நாளில் திரும்பின; எல்லோருடைய காத்திருப்பும் ஒரே நாளில் முடிந்தது. நூல்கள் வெவ்வேறு நாளில் போய் வெவ்வேறு நாளில் வரத் தொடங்கிய பிறகுதான் வரிசை என்ற சிக்கல் பிறந்தது.

மடத்துக்கு வெளியே நூல் தருவதில்லை என்று சில மடங்கள் உறுதி எடுத்திருந்தன. 1212இல் பாரிஸில் கூடிய திருச்சபை மன்றம் அது தகாது என்றது. இரவல் தருவதும் இரக்கச் செயல்களில் ஒன்று என்பது அதன் வாதம். நூல்களைச் சங்கிலியிட்டு மேசையோடு பிணைத்த நூலகங்களும் இருந்தன. நகராத நூலுக்கு முன்பதிவு தேவைப்படாது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் நூல் எதையும் வெளியே தருவதில்லை என்ற விதியில் உறுதியாக நின்றது. 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு நூலைக் கேட்டனுப்பியபோது நூலகர் ஜான் ரவுஸ் விதிப்புத்தகத்தைக் காட்டி மறுத்தார். மன்னரும் ஏற்றுக்கொண்டார்.

கட்டண வாசகசாலைகள்

சந்தா வாங்கி நூல் தரும் வாசகசாலைகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா எங்கும் பெருகின. அவற்றுள் பேர்பெற்றது லண்டனில் சார்லஸ் எட்வர்ட் மியூடி 1842இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கினி கட்டியவருக்கு ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கிடைக்கும். வணிகம் என்பதால், ஒரு படிக்கு நீண்ட வரிசை நிற்பதைவிடப் படிகளைக் குவிப்பதே மியூடியின் வழியாக இருந்தது. 1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பாக 1,250 படிகள் அச்சானபோது, அவற்றில் 500 படிகளை அவரே எடுத்துக்கொண்டார்.

அக்காலத்து ஆங்கில நாவல்கள் மூன்று தொகுதிகளாக வந்ததும் இந்த வாசகசாலைகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒரு நாவலை ஒரே சமயத்தில் மூன்று பேரிடம் கொடுத்து வைக்கலாம். முதல் தொகுதியை முடித்தவர், இரண்டாம் தொகுதி வைத்திருப்பவர் திருப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1894இல் மியூடி நிறுவனமும் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதோடு மூன்று தொகுதி நாவல் வழக்கொழிந்தது.

காட்டிப் பலகை

பிரிட்டனின் பொது நூலகங்களில் முதலில் வாசகர் அலமாரிப் பக்கம் போக முடியாது. மேசைக்கு இப்பால் நின்று எண்ணைச் சொல்ல வேண்டும். ஊழியர் உள்ளே போய்த் தேடிவிட்டு, 'இல்லை' என்று வெறுங்கையோடு வருவார். இந்த அலைச்சலைக் குறைக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டிப் பலகைகள் வந்தன. அவற்றுள் ஆல்ஃபிரட் காட்கிரீவ் செய்தது பெருவழக்காகியது. ஒவ்வொரு நூலுக்கும் எண்ணிட்ட ஒரு சிறு உலோகத் தட்டு. ஒரு முனை ஒரு நிறம், மறுமுனை வேறு நிறம். நூல் வெளியே போனால் தட்டைத் திருப்பி வைப்பார்கள். எட்ட நின்றே வாசகர் பார்த்துக்கொள்ளலாம். தட்டுக்குள் ஒரு குட்டிப் பதிவேடும் உண்டு. நூலைப் பெற்றவரின் எண் அதில் ஏறும். அதாவது நூலின் இடத்திலேயே நூலின் கணக்கும் இருந்தது. முன்பதிவுக்கு இதைவிடத் தோதான கருவி கணினி வரும்வரை தோன்றவில்லை.

1894இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். காட்டிப் பலகைக்கு வேலை போயிற்று. திறந்த அலமாரி நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வெளியே போன நூல் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது. எல்லோரும் விரும்பும் நூல் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். அலமாரியில் நிற்பவை பெரும்பாலும் மற்றவர் விட்டுச் சென்றவை. பட்டியலைப் புரட்டாமல் அலமாரியை மட்டும் பார்த்துப் போகும் வாசகருக்கு, முன்பதிவு செய்யத்தக்க நூல் ஒன்று இருப்பதே தெரிய வராது.

அட்டையும் தட்டும்

இந்தியப் பொது நூலகங்களில் நீண்டகாலம் நிலைத்தது பிரவுன் முறை. இது மேலே சொன்ன ஜேம்ஸ் டஃப் பிரவுனுடையதன்று. 1895இல் அமெரிக்க நூலகர் நினா பிரவுன் விளக்கி எழுதியது. ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் ஒரு பை, பைக்குள் நூல் அட்டை. வாசகரிடம் உறை வடிவில் சில சீட்டுகள். எத்தனை சீட்டோ அத்தனை நூல். நூல் எடுக்கும்போது அதன் அட்டையை உருவி வாசகரின் சீட்டுக்குள் செருகி, தேதித் தாளில் முத்திரை குத்தி நூலைக் கொடுத்துவிடுவார்கள். இணைந்த அந்த இரண்டும் மேசையிலுள்ள நீண்ட தட்டில், கெடு தேதிக்குப் பின்னால் எண் வரிசையில் நிற்கும். நியூவார்க் நகர நூலகத்தில் ஜான் காட்டன் டானா காலத்தில் பரவிய முறையிலும் தட்டு தேதிவாரியானதே.

தேதிவாரித் தட்டு, கெடு தாண்டியவர் யார் என்பதை நொடியில் சொல்லும். குறிப்பிட்ட நூல் எங்கே என்று கேட்டால் திணறும். 14 நாள் தவணை என்றால் 14 தேதிகள். ஒவ்வொன்றின் பின்னும் அந்த எண்ணைத் தேட வேண்டும். அதற்குமேல் தாமதமானவற்றின் கட்டு. வாசகர் முன்பதிவு அட்டையில் நூலாசிரியர், தலைப்பு, தம் முகவரி ஆகியவற்றை எழுதி அஞ்சல் செலவையும் கொடுத்துவிட்டுப் போவார். கூட்டம் குறைந்த நேரத்தில் ஊழியர் தட்டைத் துழாவி, அந்த நூல் அட்டையைக் கண்டதும் அதன் தலையில் ஒரு நிறக் கவ்வியை மாட்டுவார். நூல் திரும்பும் நாளில், அட்டையை எடுக்கும் கைக்குக் கவ்வி தட்டுப்படும். நூல் அலமாரிக்குப் போகாது. மேசைக்குக் கீழே போகும். வாசகருக்கு அஞ்சலட்டை போகும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் லண்டனில் நூலகவியல் பயின்று திரும்பி, சென்னையில் திறந்த அலமாரியைக் கொண்டுவந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. முன்பதிவு இரண்டாம் விதிக்குக் கட்டுப்பட்டது. அதை வாரக்கணக்கில் இழுப்பது நான்காம் விதிக்கு விரோதம்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேசைமுன் நிற்கும் வரிசையைக் குறைக்கவென்று வந்த சில முறைகள் முன்பதிவைக் கைவிட்டன என்றே சொல்ல வேண்டும். 1954இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் புகுந்த வில்லை முறையில் வாசகர் ஒரு வில்லையைக் கொடுத்து ஒரு நூலை எடுத்துப்போவார். யாரிடம் எது என்ற கணக்கே கிடையாது. ரால்ஃப் ஷா அமெரிக்காவில் புகுத்திய ஒளிப்பட முறையில் கணக்கு உண்டு, ஆனால் அது இரவல் நடந்த வரிசையில் படச்சுருளில் கிடக்கும். இவ்விரண்டிலும் முன்பதிவான தலைப்புகளை ஒரு பட்டியலாக மேசையில் தொங்கவிட்டு, திரும்பும் ஒவ்வொரு நூலையும் அதோடு ஒத்துப் பார்த்தார்கள். பட்டியல் சிறிதாக இருந்தவரை இது நடந்தது. 1970களில் பிரிட்டனில் பிளெஸ்ஸி நிறுவனத்தின் ஒளிப்பேனா வந்தபோது, முன்பதிவான நூல் எண்களை நினைவில் வைத்து, அவற்றில் ஒன்று திரும்பியதும் எச்சரிக்கும் பெட்டியும் சேர்ந்து வந்தது.

வரிசையின் விதிகள்

நூலை யார் வைத்திருக்கிறார் என்பதைக் கேட்டவருக்குச் சொல்லக் கூடாது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் ஏற்ற நெறிமுறை வாசகர் பற்றிய தனிச்செய்திகளை மறைவாகக் காக்கச் சொல்கிறது. சிற்றூர்களில் 'வாத்தியார் எடுத்துட்டுப் போயிருக்கார்' என்று சொல்லிவிடுவது உண்டு; அது உதவியாகத் தோன்றினாலும் முறையன்று. முன்பதிவுள்ள நூலைப் புதுப்பிக்க அனுமதிப்பதில்லை. முன்பதிவுக்குச் சிறு கட்டணம் வைப்பது, கேட்டுவிட்டு வராதவர்களைக் குறைக்கும் என்பதால் தக்கதே. பல்கலைக்கழகங்களில் நீண்ட தவணை பெறும் ஆசிரியர்களைத் திரும்ப அழைத்தல் விதி கட்டுப்படுத்துகிறது.

முன்பதிவு தலைப்புக்கா, குறிப்பிட்ட படிக்கா என்பது பட்டியலாளரின் கையில் இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களையும் ஒரே பதிவில் ஏற்றிவிட்டால், மூன்றாம் பாகத்துக்குக் காத்திருந்தவருக்கு முதல் பாகம் எடுத்து வைக்கப்படும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பின் பல பதிப்பகங்கள் இந்நாவலை வெளியிடுகின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப்பதிவு இருந்தால் வரிசையும் சிதறும். ஒரு பதிப்பின் வரிசையில் ஆள் நிற்க, இன்னொரு பதிப்பு அலமாரியிலேயே இருக்கும்.

தற்கால நிலை

நியூசிலாந்தில் உருவாகி 2000 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருளான கோஹா முதலியவற்றில் வாசகரே இணையப் பட்டியல் வழியாக முன்பதிவு செய்யலாம். எடுத்து வைத்த நூலைக் குறித்த நாளுக்குள் வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். மின்னூல்களிலும் ஓர் உரிமத்துக்கு ஒருவர் என்பதால் வரிசை உண்டு. அந்த வரிசையை மேலும் நீட்டும் வகையில், 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பு நிறுவனம் புதிய மின்னூல்களை நூலகங்கள் வாங்க எட்டு வாரக் கட்டுப்பாடு விதித்து, எதிர்ப்புக்குப் பின் 2020 மார்ச்சில் விலக்கியது. தமிழ்நாட்டில் கல்லூரி நூலகங்கள் பலவும் கோஹாவைப் பயன்படுத்துகின்றன. கிளை நூலகங்களில் 'வந்தா எடுத்து வைங்க சார்' என்று நூலகரிடம் சொல்லி வைப்பதே இன்றும் பொதுவழக்கு.