கொடி மறுக்கப்பட்ட 38 பேர்

1944 நவம்பர் 23. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிரேட் ஃபால்ஸ் விமானத் தளம். சோவியத் செம்படைக்காகத் தயாரான பி-63 போர் விமானங்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஓடுபாதையை நோக்கி இரண்டு விமானங்கள் மேலும் கீழுமாக நெருங்கிவிட்டன. 'மேலே எழும்பு' என்று கோபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. கீழே இருந்தவர் கேட்டார், எழும்பினார், மேலே இருந்த விமானத்தில் மோதினார். அவர் பெயர் ஹேசல் யிங் லீ. போர்ட்லண்டில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். தீக்காயங்களோடு இரண்டு நாள் போராடி இறந்தார்.

மூன்றே நாளில் அந்த வீட்டுக்கு இன்னொரு தந்தி. பீரங்கி வண்டிப் படையில் இருந்த சகோதரர் விக்டர் பிரான்சில் கொல்லப்பட்டிருந்தார்.

ஒரே வீட்டில் இரண்டு சாவு. இரண்டுமே போர் கொண்டுபோன உயிர்கள். ஆனால் அரசின் கணக்கில் விக்டர் படைவீரர், ஹேசல் சாதாரண சிவிலியன் ஊழியர். போதாக்குறைக்கு, குடும்பம் தேர்ந்தெடுத்த கல்லறை இடத்தில் ஆசியர்களைப் புதைக்க முடியாது, அது வெள்ளையர் பகுதி என்று மயான நிர்வாகம் மறுத்தது. குடும்பம் விடாமல் போராடித்தான் அந்த இடத்தைப் பெற்றது.

ஹேசல் இருந்த அமைப்புக்கு 'வாஸ்ப்' என்று பெயர். ஆண் விமானிகள் போர்முனைக்குப் போக, உள்நாட்டில் விமானம் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. ஜாக்குலின் காக்ரன் தலைமையில் 1943இல் இது உருவானது. 25,000 பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,830 பேரை எடுத்தார்கள். டெக்சாஸில் பயிற்சி முடித்துத் தேறியவர்கள் 1,074 பேர். பயிற்சிக்கு வரும் பயணச் செலவு அவர்களுடையது. பயிற்சிக் காலத்தில் மாதம் 150 டாலர், தேறிய பிறகு 250. தங்கவும் சாப்பிடவும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். ஆண்களுக்குத் தைத்த தொளதொள உடுப்பை மடித்துக் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

தொழிற்சாலையிலிருந்து விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பழுது பார்த்த விமானங்களை ஓட்டிச் சோதித்தார்கள். பீரங்கிப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் குறிபார்த்துச் சுட, விமானத்தின் பின்னால் நீளத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தார்கள். கீழேயிருந்து வந்தவை நிஜக் குண்டுகள்.

பி-29 கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. எஞ்சின் தீப்பிடிக்கிறது என்று ஆண் விமானிகளே அந்த ராட்சதக் குண்டுவீச்சு விமானத்தில் ஏறத் தயங்கினார்கள். பின்னாளில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட பால் டிபெட்ஸ், டோரதியா மூர்மன், டோரா டவர்ட்டி என்ற இரண்டு வாஸ்ப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, அந்த விமானத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். பெண்கள் ஓட்டிவிட்டுச் சாதாரணமாக இறங்கி வந்ததைப் பார்த்த பிறகு ஆண்களின் தயக்கம் போனது. வேலை முடிந்ததும் மேலிடம் அந்தப் பெண்களை பி-29ஐ ஓட்டவிடவில்லை.

இந்தப் பணியில் 38 பேர் இறந்தார்கள். 11 பேர் பயிற்சியின்போது. 1943 ஆகஸ்டில் வட கரோலினாவின் கேம்ப் டேவிஸில் மேபல் ராலின்சன் இரவுப் பயிற்சிக்குப் பறந்தார். விமானம் விழுந்து இரண்டாக முறிந்தது. பின்னிருக்கையில் இருந்த பயிற்சியாளர் தூக்கி வீசப்பட்டு உயிர் தப்பினார். மேபலால் முன்னிருக்கையின் மேல்மூடியைத் திறக்க முடியவில்லை. எரியும் விமானத்துக்குள்ளிருந்து வந்த அவர் குரல் தளத்திலிருந்த தோழிகளின் காதில் விழுந்தது.

இப்படி இறந்தவர்களுக்குப் படைவீரருக்குரிய காப்பீடு இல்லை. பெட்டியின் மேல் போர்த்த தேசியக் கொடி இல்லை. உடலை ஊருக்கு அனுப்ப அரசு காசு தராது. சக விமானிகள் தங்கள் சம்பளத்திலிருந்து வசூல் செய்து அனுப்பினார்கள். உத்தரவு போடும்போது ராணுவம், செலவு என்று வரும்போது சிவிலியன். இந்த அநியாயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

விமானப்படைத் தளபதி ஹாப் ஆர்னால்ட் இவர்களைப் படையில் சேர்க்கவே விரும்பினார். அதற்கான மசோதா 1944 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் தோற்றது. பயிற்சித் திட்டங்கள் மூடப்பட்டு, காலாட்படைக்கு இழுக்கப்படுவோமோ என்று அஞ்சிய ஆண் பயிற்சியாளர்களின் எதிர்ப்பு அதில் பெரிய பங்கு வகித்தது. அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று வாஸ்ப் கலைக்கப்பட்டது. ஆவணங்கள் ரகசியக் கோப்புகளாக மூடப்பட்டன. போர் வரலாறு எழுதியவர்களின் கண்ணில் அவை படவே இல்லை.

விளைவு 1976இல் தெரிந்தது. பத்துப் பெண்களுக்கு விமானப் பயிற்சி தரப்போவதாக விமானப்படை அறிவித்தது. ராணுவ விமானத்தை ஓட்டப்போகும் முதல் பெண்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த வாஸ்ப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். ஆர்னால்டின் மகன் புரூஸ் அவர்களோடு நின்றார். போர்க்காலத்தில் அதே விமானப் போக்குவரத்து வேலையைச் செய்த செனட்டர் பேரி கோல்ட்வாட்டரும் சேர்ந்துகொண்டார். முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் எதிர்த்தது. அதையும் தாண்டி 1977 நவம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட, வாஸ்ப் பெண்கள் முன்னாள் படைவீரர்களாக ஏற்கப்பட்டார்கள். 2010இல் காங்கிரஸ் தங்கப் பதக்கமும் வந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் வாஸ்ப் பெண்களின் அஸ்தியை வைக்க 2002இல் கொடுத்த அனுமதியை, அப்படிக் கொடுக்கத் தனக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி ராணுவத் துறை 2015இல் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் 95 வயதில் இறந்தார் வாஸ்ப் விமானி எலெய்ன் ஹார்மன். தன்னை ஆர்லிங்டனில் வைக்க வேண்டும் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். அஸ்தியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மகளும் பேத்திகளும் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். போர்க்களத்தில் போர் விமானம் ஓட்டிய முதல் அமெரிக்கப் பெண்ணான மார்த்தா மெக்சாலி அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அவர் மசோதா கொண்டுவந்தார். 2016 மே மாதம் ஒபாமா அதில் கையெழுத்திட்டார். செப்டம்பர் 7 அன்று ராணுவ மரியாதையோடு ஹார்மனின் அஸ்தி ஆர்லிங்டனில் வைக்கப்பட்டது. சட்டம் கொடுத்தது அஸ்தி வைக்கும் உரிமையை மட்டும்தான். மண்ணில் அடக்கம் செய்யும் உரிமை அதில் இல்லை.