ஓலையும் ஒப்பந்தமும்: பரோடா உதவித்தொகை நமக்குச் சொல்வது



நாம் கூடியிருக்கும் இந்தத் திருவெண்ணெய்நல்லூருக்கு ஓலையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்து, "இவன் எனக்கு வழிவழி அடிமை" என்று ஒரு முதியவர் ஓலை காட்டிய கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். சுந்தரர் அந்த ஓலையைக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு இவ்வூர்ச் சபைக்கு வருகிறது. பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம். வந்தவர் சிவன் என்பதால் பக்தர்களுக்கு அது அருட்கதை.

நாம் அந்தக் கதையில் வேறோர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்பதுதான் சுந்தரர் முதலில் எழுப்பும் வாதம். அடிமை என்ற ஒன்று இருக்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை, அந்தணருக்கு அது பொருந்துமா என்றுதான் கேட்கிறார். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதை அந்தச் சபையில் யாரும் மறுக்கவில்லை. ஓலை உண்மையா, கையெழுத்து உண்மையா என்பது மட்டுமே விசாரணை. பட்ட கடனுக்காகப் படியாளாக நின்ற குடும்பங்களை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-இல் ஒரு சட்டம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 ஆனது. இடையில் 133 ஆண்டுகள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பத்திரம். அதில் கையெழுத்திட்டவர் 22 வயது இளைஞர், பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். நாள்: 1913 ஜூன் 4.

படைவீட்டில் தொடங்கிய படிப்பு

இந்தப் பத்திரத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. அம்பேத்கர் பிறந்தது மாவ் என்னும் ராணுவக் குடியிருப்பில், 1891 ஏப்ரல் 14-இல். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய காலத்தில், படைவீட்டுப் பள்ளி சிப்பாயின் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. மராத்திய மகர்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. சென்னை மாகாணத்துப் படையிலும், குறிப்பாகச் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் பிரிவிலும் பயோனியர்களிலும், பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள்.

பின்னர் "போர்க்குடிகள்" என்ற கோட்பாடு வந்தது. சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் அதைத் தூக்கிப் பிடித்தவர். தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லி ஆள்சேர்ப்பு குறைக்கப்பட்டது. 1890-களில் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் போனதை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பள்ளிக்கூடம் போனதையும் நாம் சேர்த்து எழுத வேண்டும். உழைப்பைக் கொடுத்துக் கல்வியைப் பெறும் ஒரே வழியும் அதோடு அடைபட்டது. மகர் படைப்பிரிவு 1941-இல் உருவானது. அப்போது அதற்காக வாதாடியவர்களில் அந்த சுபேதாரின் மகனும் ஒருவர்.

மாதம் பதினொன்றரைப் பவுண்டு

எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கும்போதே அம்பேத்கருக்குப் பரோடா அரசர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். அந்த உதவிக்கு வழிசெய்தவர் ஆசிரியர் கேளுஸ்கர். சயாஜிராவைச் சாதாரண அரசராக நாம் கடந்துவிட முடியாது. தம் அரசு முழுவதும் தொடக்கக் கல்வியை 1906-இலேயே கட்டாயமாக்கியவர் அவர்.

1913-இல் பரோடா அரசு சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அம்பேத்கர் தேர்வானார். மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு. அதற்கு ஈடாக, குறித்த பாடங்களைப் படிக்க வேண்டும், படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும்.

இந்த ஏற்பாடு இன்றும் உலகெங்கும் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரியாகச் சேரும் இளைஞர், கூடுதலாக மூன்றாண்டுகள் பணி செய்வதாக எழுதிக் கொடுத்தால், பிறகு ராணுவச் செலவில் மேற்படிப்புப் படிக்கலாம். நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவக் கல்லூரியில் பயிலும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம் பெறுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கும் மருத்துவரும் அரசுப் பணி செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். படிக்க வைப்பதும் பதிலுக்கு உழைப்பைக் கேட்பதும் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. இருதரப்பும் தங்கள் பங்கைச் செய்யும்போது அது நல்ல ஏற்பாடு. பிறப்பால் எழுதப்பட்ட ஓலைக்கும், தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கையெழுத்திட்டவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும். கடமைக்கு எல்லை உண்டு, கால அளவு உண்டு.

அம்பேத்கர் தம் பங்கைச் செய்தார். கொலம்பியாவில் 1915-இல் முதுகலைப் பட்டம். 1916 மே 9-இல் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிய அவருடைய கட்டுரை அங்கே வாசிக்கப்பட்டது. அதே 1916-இல்தான் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டும். பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும், தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒப்பந்தப்படி பணி செய்ய 1917-இல் திரும்பினார்.

பரோடாவில் ஓர் அறை இல்லை

அவருக்குக் குறிக்கப்பட்ட பதவி ராணுவச் செயலாளர். படையிலிருந்து விலக்கப்பட்ட சமூகத்தின் மகன் ஓர் அரசின் ராணுவச் செயலாளராகிறார் என்றால் அது எத்தகைய திருப்பம்! ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் எழுந்த கேள்வி, எங்கே தங்குவது என்பது.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். வெளிநாட்டு ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவையே மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்கிறார். இந்து விடுதிகள் ஏற்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரை எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்கினார். வேறு யாருமில்லாத மாடி, வெளிச்சமில்லாத கூடம். அரசுக் குடியிருப்பு ஒன்றை ஒதுக்கும்படி மனுச் செய்திருந்தார். அவருக்கு அவசரமாக இருந்தது. அரசுக்கு இல்லை.

பதினோராம் நாள் காலை, தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரிடம் போனார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்துவ நண்பரோ மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குப் புறப்பட்டார். இந்துவுக்குத் தீண்டப்படாதவன் பார்சிக்கும் தீண்டப்படாதவன்தான் என்பதை அன்று கற்றுக்கொண்டதாக எழுதுகிறார்.

இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தது யார்? ஏட்டில் பார்த்தால் பத்தாண்டு பணி செய்யாமல் போனவர் அம்பேத்கர். ஆனால் பணிக்கு வந்தவரைப் பணி செய்யும்படி வாழவிடாத நகரமும், ஓர் அறையை ஒதுக்க முடியாத அரசும் எதை நிறைவேற்றின? ஒப்பந்தம் என்றால் இரு சமமானவர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நியூயார்க்கில் அது உண்மையாக இருந்தது. பரோடா ரயில் நிலையத்தில் பொய்யானது. படிப்பால் ஈட்டிய தகுதியைச் சாதி ஒரு நொடியில் செல்லாக் காசாக்கியது. சமூகவியல் மாணவர்கள் நூல்களில் படிக்கும் "சமூக மூலதனம்" என்ற சொல்லை இந்த மாடி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொடையிலிருந்து உரிமைக்கு

அதற்குப் பின் அவர் எப்படிப் படித்தார்? 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். நவல் பதேனா ஒரு பார்சி என்பதையும் சொல்ல வேண்டும். 1920-இல் லண்டன் போய், 1923-இல் பொருளியலில் உயர்முனைவர் பட்டம் பெற்றார்.

ஓர் அரசரின் நல்ல மனமும் ஓர் ஆசிரியரின் சிபாரிசும் ஒரு நண்பரின் கடனும் ஒருவரைக் கரையேற்றலாம். ஒரு சமூகத்தைக் கரையேற்றாது என்பதை அம்பேத்கர் தம் வாழ்க்கையிலிருந்தே அறிந்தார். சடையப்ப வள்ளல் கம்பரை ஆதரித்த ஊர் என்று இந்த ஊரைப் பெருமையாகச் சொல்கிறோம். வள்ளல் கிடைத்தால்தான் கல்வி என்ற நிலையையே மாற்ற அம்பேத்கர் முயன்றார். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்டோரின் குறைகளை விரிவான மனுவாக எழுதிக் கொடுத்தார். உயர்கல்விக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. விடுதலைக்குப் பின், 1950-களில் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை வந்தது. ஒருவருடைய தயவை நம்பி நின்ற கல்வி, அரசின் கடமையாக ஏட்டில் ஏறியது இப்படித்தான்.

இன்றைய மூல ஓலை

கடமையான பிறகும் அது ஒழுங்காக நடக்கிறதா? விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் நாங்கள் ஆண்டுதோறும் ஒரே காட்சியைப் பார்க்கிறோம். உதவித்தொகை இன்னும் கணக்கில் ஏறவில்லை, கட்டணத்தைக் கட்டு என்று மாணவியிடம் கல்லூரி கேட்கிறது. கட்ட முடியாவிட்டால் மூலச் சான்றிதழைக் கொடுக்க மறுக்கிறது. கையில் நகல் மட்டும் இருக்கிறது. நகலைக் காட்டினால் வேலை கிடைப்பதில்லை. அப்படி ஒரு மாணவியின் சான்றிதழுக்காக நாங்கள் ஏழு முறை ஒரு கல்லூரி வாசலில் நின்றோம். அன்று இவ்வூர்ச் சபையில் மூல ஓலையை வைத்திருந்தவர் கை ஓங்கியது. இன்றும் மூலத்தை வைத்திருப்பவர் கைதான் ஓங்குகிறது. அரசு தர வேண்டிய பணத்துக்கு மாணவியின் எதிர்காலம் அடகு. இதைக் கடன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கடன்பட்டிருப்பது நீங்கள் அல்ல.

இன்னொரு கடனைப் பற்றியும் பேசாமல் முடிக்க முடியாது. படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம், சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்று நாம் கேட்கிறோம். கேட்பது நியாயமே. ஆனால் அதையும் ஓர் ஆளோலையாக ஆக்கிவிடக் கூடாது. முதல் தலைமுறையாகப் படித்த பெண், தம்பி படிப்பையும் வீட்டுக் கடனையும் சுமந்துகொண்டு நிற்கும்போது, கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு நாமே அவளைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறோம். அந்தத் தவறு எங்களுடையது. அம்பேத்கர் பரோடாவுக்குச் செய்ய முடியாத பத்தாண்டுப் பணிக்கு, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பொதுவாழ்வில் உழைத்தார். அதை எந்தப் பத்திரமும் கேட்கவில்லை. தானே விரும்பி ஏற்றுக்கொண்டதால்தான் அது அவ்வளவு நீண்டது.

மாணவ நண்பர்களே, எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்னும் மூன்றைக் கேளுங்கள். எனக்கு என்ன கிடைக்கிறது? நான் என்ன தர வேண்டும், எத்தனை ஆண்டு? எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்யாவிட்டால் நான் யாரிடம் முறையிடுவது? மூன்றாவது கேள்விக்கு 1917-இல் பரோடாவில் பதில் இல்லை. இன்று அந்தப் பதிலாக அமைப்பாக நாம் இருக்க வேண்டும். இந்த மன்றம் அதற்காகத்தான்.

ஜெய்பீம்.