சென்னைக் காசநோய் மருந்தாய்வுகளும் ‘வராத நோயாளி’ என்னும் கருத்தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

புறநோயாளிகள் பிரிவுக்குக் குறித்த நாளில் நோயாளி வராமற்போவது பெரும்பாலும் அவரது பொறுப்பின்மையாகவே கருதப்படுகிறது. சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் மருந்தாய்வுகள், வருகையை மருத்துவ நிறுவனத்தின் பொறுப்பாகவும் அணுகின. அவ்வாய்வுகளின் முடிவைத் தேசியத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அம்முடிவைச் சாத்தியமாக்கிய தொடர்பணி அதே அளவில் ஏற்கப்படவில்லை. இக்கட்டுரை இவ்விடைவெளியை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

முன்னுரை

காசநோய்க்கு மருந்து கிடைத்த பின்னரும் நீண்ட காலச் சிகிச்சை என்னும் சிக்கல் நீடித்தது. ஓராண்டு முழுவதும் இடைவிடாது மருந்துண்ண வேண்டியிருந்தது. ஆனால் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும். உடல்நலம் தேறியதாக உணரும் ஒருவர், ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு ஏன் வரவேண்டும்? புறநோயாளர் சிகிச்சை வரலாற்றின் மையமான கேள்வி இதுவே.

வீடே சிகிச்சைக்களம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காசநோய் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிடும் பாஸ் எனப்பட்ட மருந்தும் ஓராண்டு அளிக்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ மருத்துவமனைச் சிகிச்சைக்கு நிகரான பலனளித்ததைக் காட்டியது.

இம்முடிவின் பின்னணியில் இருந்த உழைப்பு கவனத்திற்குரியது. வீட்டிலிருந்தோர் மையத்திற்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீர்ச் சோதனை வழியாக மருந்து உட்கொள்ளப்பட்டதா என அறிந்தனர். நோயாளி வராதபோது மையம் அவரைத் தேடிச் சென்றது. இது பரிவும் கண்காணிப்பும் ஒருங்கே அமைந்த முறை என்பதை மறுக்க இயலாது.

மருந்தைத் தாமே உட்கொள்வதில் ஏற்படும் ஒழுங்கின்மை குறித்து ஃபாக்ஸ் 1958இல் விரிவாக எழுதினார். இச்சிக்கல் இந்திய ஏழைகளுக்கு மட்டும் உரியதன்று என்பது அவரது எழுத்துகளால் புலனாகிறது. அடுத்த கட்டமாக, வாரம் இருமுறை மையத்திலேயே பணியாளர் முன்னிலையில் மருந்தளிக்கும் முறை சோதிக்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனியாசிடையும் கொண்ட அம்முறை, நாள்தோறும் வீட்டில் மருந்துண்ணும் முறைக்குக் குறைந்ததன்று என 1964இல் வெளியான ஆய்வு நிறுவியது.

வந்தவரைக் காணாத மருத்துவமனை

வருகை பற்றிய விவாதத்தின் மறுபக்கத்தை டெபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. பெங்களூருத் தேசியக் காசநோய் நிறுவனத்தின் சார்பில் தும்கூர் மாவட்டத்தில் நிகழ்த்தப்பட்ட அவ்வாய்வில், நோயுற்றோரில் பெரும்பான்மையோர் தம் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே மருத்துவ உதவியை நாடியிருந்தனர். நாடி வந்தவர்களில் பலர் நோய் கண்டறியப்படாமல் இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டனர். முதல் வருகையில் பயன் காணாதவர் மறுமுறை வராததை அறியாமை எனக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

திட்டமும் சொல்லும்

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. வராதவருக்குக் கடிதம் அனுப்பவும் வீடு சென்று பார்க்கவும் அதில் விதிகள் இருந்தன. எனினும் ஓர் ஆய்வு மையம் சில நூறு பேருக்குச் செய்ததை, பணியாளர் பற்றாக்குறையுள்ள மாவட்ட மையங்கள் பல்லாயிரம் பேருக்குச் செய்ய இயலவில்லை. 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சையை நிறைவு செய்தோர் பாதிக்கும் குறைவே எனக் கண்டது. அதன் விளைவாக உருவான திருத்தப்பட்ட திட்டம், நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையை 1997 முதல் விரிவுபடுத்தியது. சென்னையில் தோன்றிய முறை, முப்பதாண்டுகளுக்குப் பின் உலக வழிகாட்டுதலாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தது எனலாம்.

இக்காலம் முழுவதும் பதிவேடுகளில் நிலைத்த சொல் ‘டிஃபால்ட்டர்’ என்பதாகும். கடன் தவணை தவறியவரைக் குறிக்கும் இச்சொல், குற்றத்தை நோயாளியின் மேல் ஏற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் தன் வரையறைகளைத் திருத்தி, ‘தொடர்கவனிப்பில் விடுபட்டவர்’ என்னும் பொருளுடைய தொடரை ஏற்றது. தவறியவர் என்பதில் நோயாளியே எழுவாய். விடுபட்டவர் என்பதில் விட்டுவிட்ட நிறுவனமும் வினாவுக்கு உள்ளாகிறது.

முடிவுரை

சென்னை ஆய்வுகள் நிறுவியது ‘வீட்டுச் சிகிச்சை போதும்’ என்பதை மட்டுமன்று. ‘தேடிச் செல்லும் நிறுவனம் இருப்பின் வீட்டுச் சிகிச்சை போதும்’ என்பதையே. நிபந்தனை நீங்கியபோது பயனும் குறைந்தது. ஆகவே, புறநோயாளர் வருகைப் புள்ளிவிவரங்களை ஆராய்வோர் வராதோர் எண்ணிக்கையோடு நில்லாமல், அவர்களின் பயணத் தொலைவு, இழந்த கூலி, முந்தைய வருகையில் பெற்ற பயன், மருத்துவமனை மேற்கொண்ட தொடர்முயற்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிடப்படாத பதிவேடு, நிறுவனத்தின் வராமையைத் தன்னுள் மறைத்தே வைத்திருக்கும்.