ஒன்பது புள்ளி எட்டு: ஓர் எண்ணின் வரலாறு

மேலிருந்து விழும் பொருளின் முடுக்கம் எவ்வளவு என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும், "வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்" என்று தயங்காமல் சொல்லிவிடுவார். அடுத்து, "எந்த ஊரில்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் திகைத்துப் போவார்கள்.

கேள்வி வேடிக்கையானதன்று. புவிஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, சென்னையில் 9.783, இலண்டனில் 9.812, துருவத்தில் 9.832. பாடப்புத்தகத்தின் 9.8 என்பது, வேலைக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழுமையாக்கப்பட்ட எண். அந்த முழுமையாக்கலில் மறைந்துபோகும் சிறு வேறுபாட்டுக்கு முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதில் நம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூடங்குளத்துக்கும் இடம் உண்டு. அதைத்தான் இங்கே காண்போம்.

விழும் கல்லும் ஆடும் குண்டும்

ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவ விடுகிறோம். முதல் வினாடியில் அது இலண்டனில் விழும் தொலைவைவிடச் சென்னையில் விழும் தொலைவு ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. ஏறத்தாழ 490 சென்டிமீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர்! கண்ணால் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விழும் பொருள் மிக வேகமாக விழுகிறது என்பதே தொல்லை. அதனால்தான் கலிலியோ குண்டுகளைச் சாய்வுப் பலகையில் உருளவிட்டு, இயக்கத்தை மெதுவாக்கி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை எடை போட்டுக் காலத்தை அளந்தார்.

ஊசல் இந்தத் தொல்லைக்கு நல்ல மாற்று. நூலில் தொங்கும் குண்டும் ஒருவகையில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் நூல் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வோர் அலைவிலும் புவிஈர்ப்பு தன் கணக்கை எழுதிவிட்டுப் போகிறது. ஓர் அலைவில் தெரியாத வேறுபாடு ஆயிரம் அலைவுகளில் சேர்ந்து பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

விதியும் எளியது. ஊசலின் நீளம் கூடினால் அலைவு நேரம் கூடும். புவிஈர்ப்பு முடுக்கம் குறைந்தாலும் அலைவு நேரம் கூடும். குண்டின் எடைக்கு இதில் வேலையில்லை. 1656ஆம் ஆண்டில் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். அன்றுமுதல் துல்லியமான காலமும் புவிஈர்ப்பும் ஒரே கருவிக்குள் குடிவந்துவிட்டன.

கயேனில் தவறிய கடிகாரம்

1672ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்பவரைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்கு அனுப்பியது. விண்மீன்களையும் கோள்களையும் நோக்குவதே அவருக்கு இட்ட பணி. கயேன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் உள்ள ஊர். பாரிசில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ரிஷே அதை அலட்சியம் செய்யவில்லை. பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். ஊசலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைத்த பிறகே கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

பாரிசில் எல்லோரும் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெப்ப நாட்டில் ஊசலின் தண்டு விரிந்து நீண்டிருக்கும் என்பது ஒரு விளக்கம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் இரும்புத் தண்டு 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கால் மில்லிமீட்டர் அளவுக்கே நீளும். 3 மில்லிமீட்டர் எங்கே, கால் மில்லிமீட்டர் எங்கே?

1687ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரின்சிப்பியா' நூலில் நியூட்டன் உண்மைக் காரணத்தை எடுத்துரைத்தார். பூமி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் உள்ள பொருள் வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் வட்டமிடுகிறது. அந்த வட்டப் பாதையில் பொருளை வைத்திருப்பதற்கே ஈர்ப்பின் ஒரு சிறு பகுதி செலவாகிறது. சுழற்சியால் பூமியின் இடையும் பருத்துள்ளது. இன்றைய அளவீட்டின்படி, நிலநடுக்கோட்டில் இருப்பவர் துருவத்தில் இருப்பவரைவிடப் பூமியின் மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறார். இவ்விரண்டு காரணங்களாலும் அங்கே முடுக்கம் குறைகிறது. பின்தங்கிய ஒரு கடிகாரம் பூமியின் வடிவத்தையே சொல்லிவிட்டது!

சென்னையில் ஒரு வினாடி ஊசல்

இனி நம் ஊருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வான் ஆய்வகத்தைக் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுடன், இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1802ஆம் ஆண்டில் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருக்கு உதவியாகத் தென்னிந்தியாவில் பணிபுரிந்தவர்களில் ஹென்றி கேட்டர் என்னும் படை அதிகாரியும் ஒருவர். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய இந்தக் கேட்டர்தான், இன்று கல்லூரி ஆய்வகங்களில் உள்ள 'கேட்டர் ஊசலை' அமைத்தவர். அதைக் கொண்டு இலண்டனில் வினாடி ஊசலின் நீளம் 39.14 அங்குலம் என்று கண்டு 1818ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக ஒரு வினாடியும், போய்வர இரண்டு வினாடியும் எடுத்துக்கொள்வது வினாடி ஊசல்.

சென்னை வான் ஆய்வகத்தின் வானியலார் ஜான் கோல்டிங்ஹாம் 1821ஆம் ஆண்டில் இதே அளவீட்டைச் சென்னையில் செய்தார். அவருக்குக் கிடைத்த நீளம் 39.03 அங்குலம். வேறுபாடு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கயேனில் ரிஷே கண்ட அதே அளவு! இலண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைத் திருத்தாமல் சென்னையில் மாட்டினால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் பின்தங்கும்.

இவ்வளவு நுட்பமாக அளந்தது எப்படி? இருவர் சேர்ந்து நடந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் அடி சற்று விரைவாக இருந்தால், சேர்ந்து விழுந்த அடிகள் விலகி, பிறகு மீண்டும் சேரும். அவ்வாறே கடிகார ஊசலின் முன்னால் சோதனை ஊசலை ஆடவிட்டு, இரண்டும் ஒன்றுசேரும் கணங்களை மட்டும் குறித்தார்கள். கடிகார ஊசல் 500 முறை ஆடுவதற்குள் மற்றது 498 முறை ஆடினால் இரண்டும் மீண்டும் சேரும். சேர்ந்த கணத்தை ஒரு வினாடி தவறிக் குறித்தாலும், வரும் பிழை நாளொன்றுக்கு முக்கால் வினாடிகூட ஆகாது. இதற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியைவிடப் பொறுமை.

குமரி முனை முதல் இலடாக்கு வரை

1865ஆம் ஆண்டில் நில அளவைத் துறை இன்னும் பெரிய திட்டத்தை மேற்கொண்டது. கேப்டன் பேசெவி என்பவர் இரண்டு பித்தளை ஊசல்களுடன் நாடு முழுவதும் பயணம் செய்தார். தெற்கே கூடங்குளம், பிறகு பெங்களூர், சென்னை, அரபிக்கடலில் மினிக்காய்த் தீவு, வடக்கே டேராடூன் என்று இடம் இடமாக ஊசலை ஆடவிட்டார். காற்றின் தடையைத் தவிர்க்கக் காற்று நீக்கிய கலத்துக்குள் ஊசல் ஆடியது. வெப்பநிலை, வீச்சு, கடல் மட்டத்திலிருந்து உயரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் திருத்தம் கணக்கிட்டார்.

முடிவுகள் எதிர்பார்த்தபடி வரவில்லை. இமயமலை பெரும் பாறைக் குவியல்; அதன் ஈர்ப்பும் சேர்ந்து அங்கே முடுக்கம் கூடியிருக்க வேண்டும். ஆனால் கணக்கில் வரவேண்டியதைவிடக் குறைவாகவே இருந்தது. மாறாக, மினிக்காய்த் தீவில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. பேசெவி இலடாக்கில் 15,000 அடிக்கு மேலுள்ள மோரே சமவெளியிலும் ஊசலை ஆடவிட்டார். அதைவிட உயரமான இடத்தில் அளக்கச் சென்றபோது, 1871ஆம் ஆண்டு ஜூலை மாதம், கடுங்குளிரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஹெவிசைட் என்னும் அதிகாரி எஞ்சிய பணியை முடித்து, ஊசல்களை இங்கிலாந்தில் கியூ ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் சரிபார்த்தார்.

முரண்பட்ட அந்த எண்களின் பொருள் என்ன? மலைகளுக்கு அடியில் எடை குறைந்த பாறை ஆழமாக வேரோடியிருக்கிறது. நீரில் மிதக்கும் கட்டையைப் போல மலைகள் மிதக்கின்றன. நில அளவையில் தெரிந்த முரண்பாட்டை விளக்க 1855ஆம் ஆண்டில் ஏரி என்னும் வானியலார் கூறிய இக்கருத்துக்குப் பேசெவியின் ஊசல்கள் வலுவூட்டின.

மாரண்டஹள்ளியில் நீங்கள் செய்யலாம்

பேசெவியின் நிலையங்களுள் ஒன்றான பெங்களூரிலிருந்து தென்கிழக்கே இருக்கிறது தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி. அங்குள்ள மாணவர் ஒருவர், தம் வீட்டிலேயே இந்த வரலாற்றின் முதற்படியைச் செய்து பார்க்கலாம். கொத்தனாரின் தூக்குக் குண்டு ஒன்று, முறுக்கற்ற மெல்லிய நூல், அளவு நாடா, நல்ல கைக்கடிகாரம் போதும். நிலைவாசலின் மேற்சட்டத்தில் இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே நூலை இறுக்குங்கள். பிடித்த இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை 99.1 சென்டிமீட்டர் இருக்கட்டும். காற்று வீசாத நேரமாகப் பார்த்து, 3 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்காமல் விடுங்கள். இருபது அலைவுகளோடு நிறுத்திவிடாமல் 500 அலைவுகள் எண்ணுங்கள். ஏறத்தாழ 1,000 வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி ஆகும்.

மொத்த நேரத்தை 500ஆல் வகுத்தால் அலைவு நேரம். மீட்டரில் உள்ள நீளத்தை 39.48ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழையும் நேரத்தில் அரை வினாடிப் பிழையும் வந்தாலும், விடை 9.76க்கும் 9.80க்கும் இடையே நிற்கும். இலண்டனின் 9.812 அதற்குள் வராது. இதே ஊசல் அங்கே 500 அலைவுகளை ஒன்றரை வினாடி முன்னதாகவே முடித்திருக்கும். ஒரு நூலும் குண்டும் கொண்டு, பூமி சரியான உருண்டையன்று என்பதற்கான சான்றில் ஒரு பாதியை நீங்களே அளந்துவிட்டீர்கள். மறு பாதியை அளந்து தந்தவர் கேட்டர்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். ஆய்வகக் குறிப்பேட்டில் விடை 9.8 வர வேண்டும் என்பதற்காக அலைவு நேரத்தைத் திருத்தி எழுதும் வழக்கம் பல மாணவர்களிடம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு அஞ்சிச் செய்வது அது. தம் கடிகாரம் பின்தங்கியதைப் 'பிழை' என்று ரிஷே அடித்துத் திருத்தியிருந்தால், பூமியின் பருத்த இடையைப் பற்றிய முதல் சான்று கிடைத்திராது. இமயமலையின் எண்களைப் பேசெவி எதிர்பார்ப்புக்கு ஏற்ப மாற்றியிருந்தால், மலைகளின் வேர் பற்றிய ஒரு சான்று மறைந்திருக்கும். உங்களுக்கு 9.6 வந்தால் 9.6 என்றே எழுதுங்கள். பிறகு நீளத்தை மறுபடி அளந்து, அலைவுகளை மறுபடி எண்ணி, ஏன் அப்படி வந்தது என்று தேடுங்கள். அந்தத் தேடலுக்குத்தான் இயற்பியல் என்று பெயர்.