கூரை இருந்தும் வீடிலார்

உணவு, உடை, உறையுள் என மனிதனுக்கு இன்றியமையாதவற்றை மூன்றாக எண்ணுவது நம் வழக்கு. இம்மூன்றனுள் முதலிரண்டைப் பற்றிப் பேசுகின்ற அளவுக்கு மூன்றாவதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பசித்தவனின் முகம் நமக்குத் தெரிகிறது. கந்தல் உடுத்தியவனின் மேனி நம் கண்ணை உறுத்துகிறது. வீடில்லாதவனோ பகலில் நம்மைப் போன்றே நடமாடுகிறான். இரவு வந்த பின்னரே அவனுக்குப் போக்கிடம் இல்லை என்பது புலனாகிறது. அந்நேரத்தில் நாம் கதவைத் தாழிட்டு உறங்கப் போய்விடுகிறோம்.

மக்கள் ஏன் வீடிழக்கின்றனர், அதனால் விளையும் கேடுகள் யாவை, அவற்றைத் தீர்க்கும் வழி யாது என்பனவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சியில் நின்று தெற்கே தெரியும் மலையை நோக்கினாலே போதும்.

திண்ணை தந்த நிழல்

ஆழ்வார்குறிச்சி, கடனா நதி வளப்படுத்தும் ஊர். நெல்லை மாவட்டத்தில் இருந்து, 2019-இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. அதனை அடுத்து, கடையம் செல்லும் வழியில் பொட்டல்புதூர் இருக்கிறது. முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களின் பெயரால் விளங்கும் அவ்வூர் தர்காவுக்குக் கந்தூரிக் காலத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே திரண்டு வருவதை நம் வாசகர்கள் அறிவர். வண்டி கட்டியும் கால்நடையாகவும் மக்கள் வந்த அந்நாளில், வழியிலுள்ள ஊர்களின் திண்ணைகளே அவர்களுக்குத் தங்குமிடம். தாம் கட்டிய வீட்டின் ஒரு பகுதியை, முகமறியாத வழிப்போக்கனுக்கென்று கதவுக்கு வெளியே விட்டு வைத்த பண்பாடு அது.

திண்ணை என்றதும் நம் நினைவுக்கு வருவது மதீனா. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி, வீடும் உறவும் அற்றோர் தங்குவதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தோரைத் திண்ணைத் தோழர்கள் என்றே தமிழில் நாம் அழைத்து வருகிறோம். தொழுகைக்கென எழுந்த இடத்திலேயே வீடிலார்க்கும் ஓர் இடம் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. திண்ணையில் ஓரிரவு படுத்து எழுந்து சென்ற வழிப்போக்கனுக்குத் தன் ஊரில் ஒரு வீடு இருந்தது. அத்தகைய வீடே இல்லாதவனுக்குத் திண்ணை ஓரிரவுத் துணை மட்டுமே; அதுவே முடிந்த தீர்வாகிவிடாது.

யார் வீடிலார்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூரையுள்ள கட்டடம் எதிலும் வாழாது திறந்த வெளியிலும், நடைபாதையிலும், பாலங்களின் அடியிலும், இரயில் நிலையங்களிலும் உறங்குவோரை வீடற்றோர் என்று கொள்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடு முழுவதும் இத்தகையோர் ஏறத்தாழ 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர்.

இக்கணக்கில் அகப்படாத வேறொரு கூட்டம் உண்டு. அவர்களின் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. ஆனால் அக்கூரையின்மீது அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போன நாளில் வீடும் போயிற்று. இவர்களைக் கூரை இருந்தும் வீடிலார் எனலாம். இத்தகையோரின் வரலாறுதான் ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கேயுள்ள மலையின்மேல் நடந்தேறியது.

மலைமேல் ஒரு குடியேற்றம்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக மலையேறினால் மாஞ்சோலையை அடையலாம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்பன அம்மலைத் தோட்டங்களின் பெயர்கள். இக்காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. ஜமீன் அதில் 8,373 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 1929-இல், 99 ஆண்டுக் குத்தகையாகப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்திற்கு அளித்தது.

இந்நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பழங்கதை அடங்கியிருக்கிறது. 1863-இல் தொடங்கப்பட்ட இது, பர்மாவின் தேக்குக் காடுகளில் வாணிபம் செய்து வளர்ந்தது. தேக்கு மரக் கணக்கில் அதற்கும் பர்மிய அரசுக்கும் மூண்ட வழக்கைக் காரணமாகக் காட்டியே ஆங்கிலேயர் 1885-இல் பர்மாமீது படையெடுத்தனர். மன்னர் தீபா அரண்மனையை இழந்து இந்தியாவின் இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டு 1916-இல் அங்கேயே மறைந்தார். தில்லியின் பகதூர் ஷா ஸஃபரை இரங்கூனுக்கும், பர்மாவின் தீபாவை இரத்தினகிரிக்கும் அனுப்பிய அக்காலத்தில் வேந்தர்களுக்கே வீடு நிலைக்கவில்லை. ஏழைத் தொழிலாளிக்கு எங்ஙனம் நிலைக்கும்?

காட்டை வெட்டித் தேயிலை நடுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். நெல்லைச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்தும் கேரளப் பகுதிகளிலிருந்தும் மக்கள் மலையேறினர். அவர்களுள் பெரும்பாலோர் கீழே ஒரு சாண் நிலமும் இல்லாத ஒடுக்கப்பட்ட குலத்தினர். அவர்களுக்கு நிறுவனம் வரிசை வீடுகளைக் கட்டித் தந்தது. லயம் என்பது அவ்வீடுகளின் பெயர். அட்டைக் கடியும் அடைமழையும் குளிரும் பொறுத்து அவர்கள் உழைத்தனர், அங்கேயே மணந்தனர், பிள்ளை பெற்றனர், தம் முதியோரை அங்கேயே அடக்கம் செய்தனர்.

1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசுக்கு உரியதாயிற்று. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. அது நல்ல சட்டமே. எனினும் அதனுள்ளே ஒரு முடிச்சும் இருந்தது. வீடு தொழிலாளிக்கு உரியதாகவில்லை, வேலைக்கு உரியதாயிற்று. ஓய்வு பெறும் முதியவர், வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையெனில், மூட்டை முடிச்சுடன் இறங்க வேண்டியதுதான்.

ஆற்றங்கரையில் முடிந்த ஊர்வலம்

1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் நெல்லையில் ஓர் ஊர்வலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றது. காவல் துறையினரின் தடியடிக்கு அஞ்சிச் சிதறிய மக்கள் தாமிரபரணி ஆற்றில் இறங்கினர். ஒரு பச்சிளங் குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். நாம் தண்ணீருக்கும் நெல்லுக்கும் நன்றி கூறும் அந்த ஆற்றின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்.

பின்னர் வந்தது வேறு வகைச் சோதனை. மாஞ்சோலையைச் சூழ்ந்த மலைகள் 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயின. 2018-இல் குத்தகை நிலம் அடங்கிய சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிய வேண்டியிருக்க, நிறுவனம் அதற்கு முன்னரே விலக முடிவு செய்தது. 2024 ஜூன் மாதத்தில் விருப்ப ஓய்வு என்னும் பெயரால் 500-க்கு மேற்பட்ட தொழிலாளரின் வேலை முடிவுற்றது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்திற்குள் வீடுகளைக் காலி செய்யுமாறும் கூறப்பட்டது. தொழிலாளர் உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் முதலில் வெளியேற்றத்தை நிறுத்தி வைத்தது. 2024 டிசம்பரில் மனுக்களைத் தள்ளுபடி செய்து, அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகளை நிறைவேற்றுமாறு தீர்ப்பளித்தது.

காடு காக்கப்பட வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பொருநைக்கு நீர் தருவது அக்காடே. ஆனால் காட்டை அழித்துத் தேயிலை நடுமாறு பணித்தவர் தொழிலாளி அல்லர். தேயிலையின் இலாபத்தைக் கண்டவரும் அவர் அல்லர். கணக்கு முடிக்கும் வேளையில் மட்டும் அவர் தலையில் முழுச் சுமையும் ஏறுவது நீதியாகுமா?

கடல் கடந்தும் அதே கதை

இக்கதை மாஞ்சோலையோடு நிற்கவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை, 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் பத்திரமாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னொரு நாளில் என்று எழுதினர். தாயகம் வந்தோருள் ஒரு சாரார்க்கு நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஆனால் அங்கும் அவர்களுக்கு வாய்த்தவை வேலையோடு பிணைந்த வரிசை வீடுகளே.

பர்மாவில் கடை வைத்து வாழ்ந்த நம் குடும்பங்கள் 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது ஒருமுறையும், 1962-க்குப் பின் இராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியபோது மறுமுறையும் பெயர்ந்தன. இன்னும் அண்மையில், 1990 அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணத்தினின்று ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். அவர்களுள் பலர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தனர். அவர்கள் பேசியதும் தமிழ். அவர்களை விரட்டியோர் பேசியதும் தமிழ். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீடற்றவராக வாழும் துயரத்தை அவர்கள் அறிந்தனர்.

இயற்கையும் தன் பங்கைச் செய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. பொருநைக் கரைகளில் மண் சுவர் வீடுகளே முதலில் சரிந்தன. மழை எல்லோர் மீதும் பெய்தது, வீடிழந்தவர் ஏழையே.

ஆகவே காரணங்களைத் தொகுத்தால் நான்காகும்: நிலமின்மை, வேலையோடு பிணைந்த வீடு, போரும் அரசாணையும் செய்யும் வெளியேற்றம், வெள்ளம் முதலிய இடர்கள். இவற்றுள் இறுதியானது மட்டுமே வானத்திலிருந்து வருவது. ஏனைய மூன்றும் மனிதர் செய்தவை. மனிதர் செய்ததை மனிதரே மாற்றவும் கூடும்.

விளையும் கேடுகள்

வீடு போனால் கூரை மட்டும் போவதில்லை; முகவரியும் போகிறது. முகவரி இல்லாதவனுக்குக் குடும்ப அட்டை பெறுவதும், வாக்காளர் பட்டியலில் இடம் பெறுவதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் கடினம். திறந்த வெளியில் உறங்கும் பெண்ணின் மானத்திற்கும் குழந்தையின் உயிருக்கும் காவல் இல்லை. நோயுற்றவன் மருத்துவமனையிலிருந்து வெளிவந்தாலும் படுத்துத் தேற ஓர் இடம் இல்லை. யாவற்றினும் பெரிய கேடு, அண்டை அயல் அறுந்து போவது. மலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயம் முழுவதும் கூடும். பல ஊர்களுக்குச் சிதறிய பின், அம்முதியவளின் மையித்தைத் தூக்கவும் பாடையைச் சுமக்கவும் நான்கு பேரைத் தேட வேண்டியதாகும்.

தீர்வுக்கு வழி

சட்டம் நம் பக்கம் சிறிதளவேனும் இருக்கிறது. நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. 1996-இல் வேறொரு வழக்கில் உறையுளும் அவ்வுரிமையின் பகுதியே என்றது. ஓர் இலட்சம் பேர் வாழும் நகர்ப்பகுதிக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்பதும் அந்நீதிமன்றத்தின் ஆணையே. இவை ஏட்டில் உள்ளன. நாட்டில் நடைபெறச் செய்வது நம் கடமை.

முதலாவதாக, வேலை முடியும் முன்னரே தொழிலாளிக்கு வேறோரிடத்தில் மனையும் பட்டாவும் உறுதியாக வேண்டும். அதுவும் குடும்பத் தலைவியின் பெயரில் இருத்தல் நலம். இலங்கையின் மலையகத்தில் லயத்திற்கு மாற்றாக 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்னும் கொள்கை காலந்தாழ்ந்தேனும் எழுந்தது. இந்தியா அங்கு முதலில் 4,000 வீடுகளும், 2017-இல் மேலும் 10,000 வீடுகளும் கட்டித்தர முன்வந்தது. அங்குத் தகுமெனில் இங்கும் தகும். தமிழ்நாட்டு அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் அளிக்கப்படுகிறது. ஆனால் மனை இல்லாதவன் அப்பணத்தை எங்கே கட்டடமாக்குவான்? மனையே முதல் தேவை.

இரண்டாவதாக, வீடும் பிழைப்பும் பிரியலாகாது. சென்னையின் நடுவிலிருந்த ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் கொண்டு சென்றபோது, வீடு பெற்றவர் பலர் வேலை இழந்தனர். மக்கா துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் தம் உடைமையில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ வாழ்த்துக் கூறி, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். அடைக்கலத்தோடு தொழிலும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமா?

மூன்றாவதாக, நம்மால் ஆவது. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் வாடகை கொடுக்க இயலாத கைம்பெண்கள் எத்தனை பேர், இரவில் கடைவாசலில் படுப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தல் வேண்டும். இதில் மதம் பார்க்கத் தேவையில்லை. வக்ஃபு நிலங்களிலும் கட்டடங்களிலும் ஒரு சிறு பகுதியேனும் குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாறினால், அவற்றை அர்ப்பணித்த முன்னோரின் எண்ணம் நிறைவேறும்.

இன்று நாம் கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. வாயிலில் இரும்புக் கதவும் அதன்மேல் பூட்டும் இருக்கின்றன. திண்ணையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. அத்திண்ணையைக் கட்டிய மனம் நம்மிடம் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. காலையில் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீரில், இலை பறித்தும் வீடற்றுப் போன ஒரு தாயின் உழைப்பும் கலந்திருக்கிறது. அக்கடனை நாம் தீர்க்க வேண்டாமா?