திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை. தமிழகமெங்கும் ஆயுத பூசை. நம் இல்லங்களில் செபமாலை மாதம். அன்று மாலை 5.40 மணியளவில் 141 பயணிகளுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்டது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம். மேலெழும்பிய சிறிது நேரத்தில் அதன் ஹைடிராலிக் அமைப்பில் கோளாறு என்று விமானிகள் கண்டனர். விமானம் சார்ஜா நோக்கிச் செல்லவில்லை. உடனே தரையிறங்கவும் இல்லை. திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் மேல் வட்டமிடத் தொடங்கியது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசையில் வந்து நின்றன. தொலைக்காட்சிகளோ, விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்து இறங்கப்போகிறது என்று தீர்ப்பே வழங்கிவிட்டன.

மதுரையை அடுத்த விளாங்குடியில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தென்மாவட்டத்தார் பலருக்குத் திருச்சி விமான நிலையமே வாசல். வானில் சுற்றியது யாருடைய விமானமோ அல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறும் விமானம்.

ஹைடிராலிக் என்பது என்ன? பாத்திமா கல்லூரியைக் கடந்து செல்லும் திண்டுக்கல் சாலையில், மண் அள்ளும் இயந்திரத்தின் இரும்புக் கை மடங்கி நிமிர்வதை நாம் பார்த்திருக்கிறோம். மூடிய குழாய்க்குள் அடைபட்ட எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். இதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் (1623-1662). 1654 நவம்பர் 23 இரவில் பெற்ற இறையனுபவத்தைத் தாளில் எழுதி, அதைத் தம் மேலங்கிக்குள் தைத்து வைத்துக்கொண்ட அதே பாஸ்கல்தான். நீர்மங்களைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த மறு ஆண்டில் வெளிவந்தது. 1795இல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் அந்த விதியைக்கொண்டு அழுத்து இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று 737 விமானத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்தான் சக்கரங்களை மடக்குகிறது, பிரேக்கை அழுத்துகிறது, இறக்கையின் மடல்களை அசைக்கிறது. இரண்டு முதன்மை அமைப்புகள், அவற்றுக்குத் துணையாக மூன்றாவது ஒன்று. எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனாலும் சக்கரங்களைக் கொக்கியிலிருந்து விடுவித்துத் தம் எடையாலேயே கீழிறங்கச் செய்ய முடியும். மடல்களை மின்மோட்டாரால் நகர்த்த முடியும்.

அப்படியானால் இரண்டரை மணி நேரம் சுற்றுவானேன்? 737-800 வகை விமானம் ஏறத்தாழ 79 டன் எடைவரை சுமந்து எழும்பலாம். இறங்கும்போது ஏறத்தாழ 66 டன்னுக்கு மேல் இருத்தல் கூடாது. எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி அதில் இல்லை. பிரேக்கின் மீது ஐயம் இருக்கும் வேளையில் எடை குறைந்திருப்பதே நலம். ஆகவே எரித்துத்தான் தீர்க்க வேண்டும். கீழே இருப்பவர் கண்ணுக்குத் தவிப்பாகத் தோன்றியது, உள்ளே இருந்தவர்க்குக் கணக்கிட்ட காத்திருப்பு.

ஆனால் காத்திருப்பும் கொல்லும். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.8 விமானத்தில், சக்கரம் இறங்கும்போது பெரும் சத்தம் கேட்டது. பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. தலைமை விமானி வட்டமிட்டவாறே அதை ஆராய்ந்தார், பயணிகளை ஆயத்தப்படுத்தினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தது. எரிபொருள் குறைகிறது என்பதை உடனிருந்த பொறியாளர் அறிந்திருந்தார், சொல்லவும் செய்தார். ஆனால் தலைவரின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் புறநகரில் விழுந்தது. இருந்த 189 பேரில் பத்துப்பேர் மாண்டனர். அந்தப் பொறியாளரும் அவர்களுள் ஒருவர். சக்கரங்களோ கீழே இறங்கியேதான் இருந்தன!

தலைமை விமானி தீயவர் அல்லர், அனுபவமிக்கவர். பெரியவர் முன் சிறியவர் வாயடைத்து நிற்பது நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மரியாதை எனப்படுகிறது. சொல்லப்போனால் நம் பங்கு மன்றங்களிலும் அப்படியே. விசாரணையாளர்கள் அந்த மரியாதையின் விலையைக் கணக்கிட்டனர். தலைவர் பிறரைக் கலந்துகொள்ளவும், துணைவர் தயங்காமல் எடுத்துரைக்கவும் பயிற்சி வேண்டும் என்றனர். யுனைடெட் நிறுவனம் 1981இல் அதைத் தொடங்கியது. பின்னர் உலகமெங்கும் அது பரவியது.

1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில், முன்பு தவறாகப் பழுதுபார்க்கப்பட்ட பின்புறத் தடுப்புச்சுவர் உடைந்து, ஜம்போ விமானம் ஒன்று நான்கு ஹைடிராலிக் அமைப்புகளையும் இழந்தது. அரை மணி நேரத்துக்கும் மேலாக விமானிகள் போராடினர். 520 பேர் இறந்தனர், பிழைத்தவர் நால்வர். பயிற்சியால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது என்பதற்காகவே இதையும் சொல்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1989 ஜூலை 19 அன்று, டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் டி.சி.10 விமானத்தின் வால் இயந்திரம் சிதறி மூன்று அமைப்புகளின் குழாய்களையும் அறுத்தது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவமுள்ளவர். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்னும் பயிற்சி விமானி உதவ முன்வந்தபோது, அவரை உள்ளே அழைத்தார். இரு இயந்திரங்களின் விசைகளை அவர் கையில் ஒப்படைத்தார். ஒருபக்க வேகத்தைக் கூட்டியும் மறுபக்கத்தைக் குறைத்தும் திருப்பியவாறு, ஏறத்தாழ 44 நிமிடம் பறந்து சூ நகர ஓடுபாதையை எட்டினர். விமானம் நொறுங்கித் தீப்பற்றியது. 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர். 184 பேர் பிழைத்தனர்! 2019இல் தாம் மறையும்வரை, அது தம் ஒருவர் திறமையன்று என்றே ஹெய்ன்ஸ் ஊர் ஊராகச் சென்று சொல்லிவந்தார். அந்த விபத்துக்குப்பின் டி.சி.10 விமானங்களில், குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுதும் வடிந்துவிடாதபடி அடைப்பு வால்வு பொருத்தப்பட்டது.

திருச்சி விமானிகளுக்கு வாய்த்தது இவ்வளவு கொடிய சோதனையன்று. ஆயினும் எரிபொருளை எரிக்கவேண்டிய அளவு எரித்து, மிச்சம் வைக்கவேண்டிய அளவு மிச்சம் வைத்து, இருள் கவிந்தபின் இரவு 8.15 மணியளவில் அவர்கள் இறங்கினர். சக்கரங்கள் இயல்பாகவே விரிந்தன. ஒருவருக்கும் காயமில்லை. தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குத் தாவின. சார்ஜா செல்ல மாற்று விமானம் ஏற்பாடாயிற்று. வேலையில் சேரவேண்டியவர்கள் பெட்டிகளுடன் மறுபடி வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.