பண்டத்தரிப்பில் தொடங்கிய ஒரு வைத்தியக் கதை

அமெரிக்க மிஷன் என்றதும் யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதுவோர் வட்டுக்கோட்டை செமினரியையும், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீனையும் நினைவுகூருவர். அவ்விரண்டுக்கும் முன்னரே வந்த மருத்துவர் ஒருவர் ஏனோ பலருக்கு மறந்துபோகிறார்.

நியூயோர்க்கில் மருத்துவம் பார்த்துவந்த ஜோன் ஸ்கடர் 1819 இல் கப்பலேறி, மறு ஆண்டு பண்டத்தரிப்பில் குடியேறினார். மதப் பணியோடு வைத்தியமும் செய்தார். 1836 இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்திலே பிறந்த அவரது மகனும் பின்னாளில் மருத்துவரானார். அந்த மகனின் மகளே ஐடா ஸ்கடர். 1900 இல் அவ்வம்மையார் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகமே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து.

இப்பழங்கதையை இன்று ஏன் சொல்கிறேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் வேலூரிலிருந்து வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையே காரணம். அது ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோயைப் பற்றியது.

தொண்ணூறுகளில் நிருபராக ஊர்களுக்குச் சென்றபோது, முழங்கால் வீங்கிப் பாயில் கிடந்த சிறுவன் ஒருவனைக் கண்டேன். விழுந்ததால் வந்த வீக்கமன்று. மூட்டினுள்ளே குருதி கசிந்திருந்தது. மருந்தும் அரிது, மருந்தைக் குளிரில் வைக்க மின்சாரமும் இல்லாத காலம். தாயார் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அம்முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

இந்நோயின் 'ஏ' வகை ஏறத்தாழ 5000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. குருதியை உறையச் செய்யும் எட்டாம் காரணியை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதே மூலம். அக்காரணியை ஊசிமூலம் ஏற்றலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஏற்றவேண்டும், விலையும் மிக அதிகம்.

வேலூரின் குருதியியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தமது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இந்நோய்க்கே செலவிட்டவர். குறைந்த அளவு காரணியைக் கொண்டே பெரிய அறுவைச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்று தொண்ணூறுகளிலேயே காட்டியவர். 2013 இலும் 2020 இலும் வெளியான உலக ஹீமோபீலியா கூட்டமைப்பின் சிகிச்சை வழிகாட்டிகளின் முதன்மை ஆசிரியரும் அவரே. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் 2005 இல் வேலூரில் அமைந்த மூலக்கல ஆய்வு மையத்துக்குத் தலைமை வகித்தார்.

வைரஸைக் கொண்டு மரபணுவைச் செலுத்தும் முயற்சி உலகில் பெரும் சோதனைகளைச் சந்தித்தது. 1999 இல் அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர் அத்தகைய பரிசோதனையில் உயிரிழந்தார். பின்னர் தீங்கு குறைந்த வேறொரு வைரஸால் ஈரலுக்குள் மரபணுவைச் செலுத்தும் முறை வந்தது. ஆயினும் அவ்வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் உடலில் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் பயன்படாது. இம்முறையிலான ஹீமோபீலியா 'ஏ' மருந்து 2023 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றபோது அதன் விலை ஏறத்தாழ 29 இலட்சம் டொலர்!

வேலூர்க் குழுவினர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து வேறு வழியை நாடினர். நோயாளியின் குருதியை உண்டாக்கும் மூலக் கலங்களை எடுத்தனர். எயிட்ஸ் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த, நோய் விளைக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட லென்டிவைரஸைக்கொண்டு அவற்றுள் புதிய மரபணுவைச் சேர்த்தனர். மனித மரபணுவோடு பன்றியின் மரபணுப் பகுதியும் இணைந்த வடிவம் அது. காரணியை மிகுதியாகச் சுரக்கவல்லது. கீமோதெரபியால் எலும்பு மச்சையில் இடமுண்டாக்கி அக்கலங்களைத் திரும்பச் செலுத்தினர். மரபணு கலத்தின் நிறமூர்த்தத்தோடு ஒட்டிவிடுவதால் அதிலிருந்து பிறக்கும் கலங்களும் அதைச் சுமக்கின்றன.

22 முதல் 41 வயது வரையிலான ஐவர் சிகிச்சை பெற்றனர். ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கேனும் குருதிக் கசிவு ஏற்படவில்லை.

ஐவர் என்பது சிறு தொகையே. கீமோதெரபியின் தீங்குகள் உண்டு. ஒட்டிய மரபணு பிற்காலத்தில் என்ன செய்யும் என்பதைப் பல்லாண்டு கவனிக்கவேண்டும். எனினும், செல்வந்த நாடுகளின் ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து வரும்வரை காத்திராமல், நோயாளி இருக்கும் இடத்திலேயே ஆய்வும் நடக்கலாம் என்பதை வேலூர் காட்டியிருக்கிறது. பண்டத்தரிப்பிலிருந்து புறப்பட்ட குடும்பம் நட்ட மரம் அது. அதன் நிழல் பாக்கு நீரிணையைக் கடந்து, பாயில் கிடக்கும் எங்கள் சிறுவர்களையும் ஒருநாள் எட்டவேண்டும்.